இருபது நிமிடம் நிற்கும் பஸ்

ஜப்பானின் நாரா மாகாணத்தில், யாகி ரயில் நிலைய வாசலிலிருந்து ஒரு பஸ் கிளம்புகிறது. பார்த்தால் சாதாரண டவுன் பஸ்தான். அடுத்த நிறுத்தத்தைச் சொல்லும் ஒலிபெருக்கி, இறங்க வேண்டியவர்கள் அழுத்தும் பொத்தான், ஓட்டுநர் அருகே கட்டணம் போடும் பெட்டி. ஆனால் அது போய்ச் சேரும் இடம் பசிபிக் கடலோரத்திலுள்ள ஷிங்கூ. சுமார் 170 கிலோமீட்டர், 160க்கும் மேற்பட்ட நிறுத்தங்கள், ஆறரை மணி நேரம். விரைவுச்சாலையில் ஏறாமல் ஊர் ஊராக நின்று போகும் பஸ் தடங்களில் ஜப்பானிலேயே நீளமானது இதுதான். பஸ்ஸில் கழிப்பறை கிடையாது. அதனால் வழியில் மூன்று இடங்களில் பயணிகளை இறங்கி நடக்க விடுகிறார்கள். அந்த ஓய்வுகளில் நீண்டது உவெனோஜி என்ற மலையோர நிறுத்தத்தில். இருபது நிமிடம்.

அந்த இருபது நிமிடத்தில் யாரும் டீக்கடையைத் தேடுவதில்லை. கைப்பையை இருக்கையிலேயே போட்டுவிட்டு, கேமராவை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரே திசையில் வேகமாக நடக்கிறார்கள். சில நிமிட நடையில் மலை விலகி, எதிரே தனிசே தொங்குபாலம் தெரிகிறது. நீளம் 297 மீட்டர். ஆற்றிலிருந்து உயரம் 54 மீட்டர், அதாவது பதினெட்டு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி. நடக்கும் பலகையின் அகலமோ வெறும் 80 சென்டிமீட்டர். எதிரே ஒருவர் வந்தால் இருவரும் உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் விலக வேண்டும்.

இரு பக்கமும் கம்பிவலை உண்டு, விழ வழியில்லை. அது புத்திக்குத் தெரியும். முழங்காலுக்குத் தெரியாது. நீளவாக்கில் அடுக்கிய பலகைகள் ஒவ்வோர் அடிக்கும் முனகுகின்றன. பலகைக்கும் வலைக்கும் இடையிலுள்ள சந்து வழியாகக் கீழே பச்சை நிற ஆறும், வெள்ளைக் கூழாங்கல் படுகையும், கோடைக்காலமானால் படுகையில் தீப்பெட்டிகளாக நிற்கும் கூடாரங்களும் தெரிகின்றன. பாதிப் பேர் நடுப்பகுதி வரை போய்ப் படம் எடுத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். சிலர் பத்தாவது அடியிலேயே திரும்புகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நடக்கத் தொடங்கியதும் ஒரு விஷயம் புரியும்: பாலம் சமதளமாக இல்லை. பாதி வழி இறக்கம், மீதி வழி ஏற்றம். துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொண்டால் காரணம் விளங்கிவிடும். கொடி தொய்வாக இருந்தால் கம்பங்களுக்கு நிம்மதி. கொடியை இழுத்துக் கட்டக் கட்ட, அதே ஈரத்துணிக்குக் கம்பங்கள் படும் பாடு கூடிக்கொண்டே போகும். எந்தக் கயிற்றையும் முழுக்க நேராக இழுத்துவிட முடியாது. அதற்கு முன் கயிறு அறும், அல்லது கம்பம் சாயும். ஆகவே தொங்குபாலம் கட்டுகிறவர் வடத்துக்கு வேண்டுமென்றே ஒரு தொய்வை விடுகிறார். நடப்பவரின் எடை பலகை வழியாக வடத்துக்கும், வடம் வழியாக இரு கரையிலும் பாறையோடு பிணைத்த நங்கூரக் கட்டைகளுக்கும் போய்ச் சேருகிறது. நடுவில் ஆற்றுக்குள் ஒரு தூண்கூடத் தேவையில்லை. வெள்ளம் புரண்டு வரும் பள்ளத்தாக்கில் இதைவிடப் பெரிய வசதி என்ன இருக்கிறது?

வெள்ளம் என்ற சொல்லுக்குத் தொட்சுகாவாவில் கனம் அதிகம்.

தனிசே தொட்சுகாவா கிராமத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூர். கிராமம் என்றதும் நாலு தெருவும் ஒரு குளமும் நினைவுக்கு வரலாம். தொட்சுகாவாவின் பரப்பு 672 சதுர கிலோமீட்டர். ஜப்பான் உரிமை கோரினாலும் ரஷ்யாவின் கையிலுள்ள தீவுகளை விட்டுவிட்டால், ஜப்பானில் கிராமம் என்ற நிர்வாகப் பெயர் கொண்டவற்றில் இதுவே மிகப் பெரியது. தோக்கியோவின் 23 வட்டாரங்களைச் சேர்த்தாலும் இதைவிடச் சிறியவைதான். அங்கே தொண்ணூறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெருக்கிக்கொண்டு வாழ, இங்கே இருப்பவர்கள் மூவாயிரம் பேர் அளவுக்குத்தான். மீதியெல்லாம் காடு. மலைகள் செங்குத்து, ஆறுகள் ஆழம், மழை ஜப்பானிலேயே அதிகம் பெய்யும் இடங்களில் இதுவும் ஒன்று. ஒரு கரையில் வீடு, மறு கரையில் வேலை என்று அமைந்துவிட்ட ஊர்களை இணைக்க இந்த ஒரு கிராமத்தில் மட்டும் சுமார் அறுபது தொங்குபாலங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைச் சுற்றுலாப் பயணிகள் பார்த்ததே இல்லை.

1889 ஆகஸ்டில் இங்கே பெய்த மழையில் மலைகள் சரிந்து ஆறுகளை அடைத்தன. அடைப்புகள் உடைந்தபோது வீடுகளும் வயல்களும் போயின. 168 பேர் இறந்தார்கள். வாழ இடமில்லாமல் போன ஏறத்தாழ 2,500 பேர் அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் புறப்பட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பனி கொட்டும் ஹொக்கைதோ தீவுக்குப் போய்க் காடு திருத்தினார்கள். அங்கே அவர்கள் உண்டாக்கிய ஊரின் பெயர் ஷின்தொட்சுகாவா, அதாவது புதிய தொட்சுகாவா. அங்குள்ளவர்கள் இன்றும் நாரா மலைக்கிராமத்தைத் தாய்க்கிராமம் என்றே குறிப்பிடுகிறார்கள். ஒரு வேடிக்கை என்னவென்றால், போக்குவரத்து விஷயத்தில் மகளும் தாயைக் கொண்டே பிறந்திருக்கிறாள்: நாளுக்கு ஒரே ஒரு ரயில் வந்துபோகும் நிலையம் என்று ஷின்தொட்சுகாவா நிலையம் ரயில் பிரியர்களிடையே பெயர் வாங்கியிருந்தது. 2020இல் அந்த ரயிலும் நின்றுபோனது.

ஊரைவிட்டுப் போகாதவர்கள் ஆற்றோடு மல்லுக்கட்டினார்கள். தனிசேக்காரர்கள் படுகையில் இறங்கி, மரத்துண்டுகளை நீரின் மேல் போட்டுப் பாலமாக்கிக் கடந்து வந்தார்கள். ஒவ்வொரு வெள்ளமும் அந்த மரங்களைக் கொண்டுபோகும். வெள்ளம் வடிந்ததும் மறுபடி போடுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அதுதான் பாதை. போரில் தோற்று ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்த 1954இல், இனி மரம் போட்டு மாளாது என்று முடிவு செய்து, வானத்தில் பாலம் கட்டினார்கள். செலவு 80 லட்சம் யென். கிராம நிர்வாகமும் உதவியது. ஆனால் ஒவ்வொரு வீடும் இரண்டு லட்சம் முதல் மூன்று லட்சம் யென் வரை தன் கையிலிருந்து போட்டது. புதிதாக வேலைக்குச் சேரும் பள்ளி ஆசிரியரின் மாதச் சம்பளம் எட்டாயிரம் யென்னைத் தொடாத காலம் அது. கணக்குப் போட்டால் ஒரு வீட்டின் பங்கு, ஓர் ஆசிரியரின் இரண்டு மூன்று ஆண்டுச் சம்பளம்!

காட்சிக்காகக் கட்டியதல்ல, கறிகாய் வாங்கப் போவதற்காகக் கட்டியது. அப்படிக் கட்டிய பாலம் நாற்பது ஆண்டுகள் ஜப்பானின் மிக நீளமான பாதசாரித் தொங்குபாலமாக இருந்தது என்பதுதான் ஆச்சரியம். 1994இல் இபராகி மாகாணத்தில் 375 மீட்டரில் ரியூஜின் பாலம் வந்த பிறகே அந்தப் பட்டம் போயிற்று.

பட்டம் போன பிறகு போட்டி சூடுபிடித்தது. 2006 அக்டோபரில் ஓய்தா மாகாணத்தின் கொகொனோயே சிறுநகரம் 390 மீட்டர் நீளத்தில், 173 மீட்டர் உயரத்தில் ஒரு பாலத்தைத் திறந்தது. அருவி பார்க்கவும், சிவந்த இலை பார்க்கவும், காசு கொடுத்து நடக்கவும் என்றே கட்டிய பாலம். 2015 டிசம்பரில் மிஷிமா நகரருகே ஒரு தனியார் நிறுவனம் 400 மீட்டரில் இன்னொன்றைக் கட்டியது. வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து ஃபூஜி மலை தெரியும். இரண்டும் நன்றாகக் கட்டப்பட்டவை, நல்ல வருமானம் தருபவை. கொகொனோயே பாலம் ஒரே நேரத்தில் 1,800 பேரைத் தாங்கும்படி அமைந்தது. தனிசே பாலத்தின் முகப்பில் தொங்கும் பலகையோ ஒரே நேரத்தில் 20 பேருக்கு மேல் போகக்கூடாது என்கிறது. சுமார் 1,200 கிலோ, அவ்வளவுதான். நெரிசலான விடுமுறை நாட்களில் காவலாளிகள் நின்று தலை எண்ணி அனுப்புகிறார்கள். ஏப்ரல் கடைசி, ஆகஸ்ட் நடு போன்ற கூட்ட நாட்களில் பாலத்தை ஒருவழிப் பாதையாக்கி, திரும்பி வர வேறு வழி காட்டிவிடுவதும் உண்டு.

1,800க்கும் 20க்கும் நடுவிலுள்ள வித்தியாசம்தான் நடப்பவரின் காலுக்குத் தெரியும் வித்தியாசம். பெரிய பாலங்களின் தளத்துக்கு அடியில் எஃகுச் சட்டங்கள் விறைப்பாக நிற்கும். ஆட்டம் இருந்தாலும் அடங்கிய ஆட்டம். தனிசேயில் தளம் என்பது பலகைதான். ஒருவர் காலை ஊன்றினால் அந்த இடம் இறங்குகிறது, சற்று முன்னால் எழும்புகிறது. நடப்பவருக்கு முன்னே ஓர் அலை ஓடுகிறது. எதிரே வருபவர் கிளப்பும் அலை வேறு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிற்பவர் தானாகவே வலையைப் பிடித்துக்கொள்வார்.

ஆடுவது ஆபத்தா? தொங்குபாலம் ஆடத்தான் செய்யும். ஆடி, சுமையைப் பகிர்ந்துகொள்கிறது. ஆபத்து எல்லோரும் ஒரே தாளத்தில் ஆடும்போதுதான். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் லேசாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் அது எவ்வளவு உயரம் போகும் என்பது குழந்தைக்கும் தெரியும். 1831இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருகே பிராட்டன் தொங்குபாலத்தில் 74 சிப்பாய்கள் அணிவகுத்துப் போனார்கள். பாலம் தங்கள் நடைக்கு ஏற்ப ஆடுவதைக் கண்டு குஷியாகி, இன்னும் அழுத்தி மிதித்தார்கள். ஒரு முனை அறுந்து சுமார் நாற்பது பேர் ஆற்றில் விழுந்தார்கள், உயிர்ச்சேதம் இல்லை. பாலத்தில் ஏறினால் அணி நடையைக் கலைத்துவிட வேண்டும் என்று பிரிட்டிஷ் ராணுவம் உத்தரவிட்டது. 1850இல் பிரான்சின் ஆன்ஜே நகரில் புயல்காற்றும், துருவேறிய வடமும், சிப்பாய்களின் சுமையும் சேர்ந்துகொண்டபோது 200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இந்தப் பாடம் புத்தகங்களில் ஏறி நூற்றைம்பது ஆண்டு ஆன பிறகும், லண்டன் தேம்ஸ் நதி மேல் 2000 ஜூன் 10 அன்று திறந்த மில்லேனியம் நடைபாலம் பொதுமக்களின் நடைக்குப் பக்கவாட்டில் ஆடத் தொடங்கி, இரண்டே நாளில் மூடப்பட்டது. சரிசெய்து மீண்டும் திறக்க 2002 பிப்ரவரி ஆயிற்று. அந்தப் பாலத்தில் யாரும் அணிவகுக்கவில்லை. ஆடும் தளத்தில் தடுமாறாமலிருக்க மனிதர்கள் தங்களை அறியாமலே அதன் தாளத்துக்கு நடையை மாற்றிக்கொண்டார்கள். அதுவே ஆட்டத்தைப் பெருக்கிவிட்டது. இருபது பேருக்கு மேல் வேண்டாம் என்று தனிசேப் பலகை சொல்வதை இனி யாரும் கிராமத்துப் பயம் என்று நினைக்க மாட்டார்கள்.

இந்த நடுக்கத்துக்கு மனோதத்துவத்திலும் ஓர் இடம் உண்டு. கனடாவின் வான்கூவர் அருகே கப்பிலானோ என்ற தொங்குபாலம் இருக்கிறது. சுமார் 137 மீட்டர் நீளம், 70 மீட்டர் உயரம். டொனால்ட் டட்டன், ஆர்தர் ஏரன் என்ற இரு ஆய்வாளர்கள் அங்கே நடத்திய சோதனையை 1974இல் வெளியிட்டார்கள். பாலத்தில் வந்த ஆண்களிடம் ஓர் இளம்பெண் சில கேள்விகள் கேட்டு, மேலும் விவரம் வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். எண்ணை வாங்கிய 18 பேரில் 9 பேர் கூப்பிட்டார்கள். ஆடாத, தாழ்வான இன்னொரு பாலத்தில் வாங்கிய 16 பேரில் கூப்பிட்டது 2 பேர்தான். பயத்தில் படபடத்த நெஞ்சை, அந்தப் பெண்ணைப் பார்த்துப் படபடத்ததாக ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். சோதனை மிகச் சிறியது, விளக்கத்தை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் ஜப்பானில் இது ‘தொங்குபால விளைவு’ என்ற பெயரில் பேச்சு வழக்கில் ஏறிவிட்டது. காதலிக்க விரும்பும் இளைஞர்களுக்கு வார இதழ்கள் சொல்லும் யோசனைகளில் இதுவும் ஒன்று. தனிசேக்கு ஜோடியாக வருபவர்களைப் பார்த்தால் யோசனை பலிக்கிறதா என்று சொல்வது கடினம். பெரும்பாலும் ஒருவர் முன்னால் போய் நின்று சிரிக்கிறார். மற்றவர் பின்னாலிருந்து திட்டுகிறார்.

இருபது நிமிடப் பயணிகள் தவறவிடுவது அக்கரையை. தரையில் 297 மீட்டரை நாலைந்து நிமிடத்தில் நடந்துவிடலாம். இந்தப் பலகையில் அது ஆகாது. போய், திரும்பி, பஸ்ஸைப் பிடிப்பது என்றால் மறுமுனையைத் தொட்டுவிட்டு ஓடி வரத்தான் நேரமிருக்கும். இந்தப் பாலத்தை அப்படிப் பார்ப்பது அரைப்பார்வை. பாலம் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த ஊர் மறுமுனைக்கு அப்பால்தான் இருக்கிறது.

அங்கே சரிவில் ஏறிப் போகும் ஒரு நடைபாதையை ஊர்க்காரர்கள் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறார்கள். அதன் பெயரைத் தமிழில் ‘நிதான நடைபாதை’ எனலாம். படிக்கட்டுகளாக இறங்கும் வயல்கள், தண்ணீர் சுழற்றும் மரச் சக்கரம், வீட்டு வாசலில் அடுக்கிய விறகு. உச்சியிலிருந்து பார்த்தால், சற்று முன் நடுங்கிக்கொண்டே கடந்த பாலம் பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டிய வெறும் நூலாகத் தெரிகிறது. பதினான்காம் நூற்றாண்டில் கொதாய்கோ பேரரசரின் மகன் மொரியோஷி, எதிரிகளிடமிருந்து ஒளிந்து தங்கியதாகச் சொல்லப்படும் இடமும் இங்கே உண்டு. தப்பி ஓடுபவர்களுக்குத் தொட்சுகாவா எப்போதுமே தோதான ஊர்தான். அந்தக் காலத்தில் பாலம் கூட இல்லையே, துரத்தி வருபவன் எப்படி வருவான்!

ஷிகோகு தீவின் இயா பள்ளத்தாக்கில் இந்தத் தர்க்கத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனதாக ஒரு கதை வழங்குகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் போரில் தோற்ற ஹெய்கே குலத்தார் அங்கே ஒளிந்தபோது, எதிரி வந்தால் சட்டென வெட்டிவிட வசதியாகக் காட்டுக்கொடிகளால் பாலம் பின்னினார்களாம். 45 மீட்டர் நீளமும் 14 மீட்டர் உயரமும் கொண்ட அந்தக் கொடிப்பாலம் இன்றும் இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கொடிகளை மாற்றிப் புதிதாகப் பின்னுகிறார்கள். பாதுகாப்புக்காக உள்ளே இரும்புவடம் ஒளிந்திருக்கிறது. உயரத்தில் தனிசேயின் கால்பங்குதான். ஆனாலும் கால் வைக்கும் கம்புகளுக்கு நடுவே ஒரு பாதம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருப்பதால், அதைக் கடந்தவர்களில் பலர் அதுதான் அதிகப் பயம் என்று சாதிப்பார்கள்.

தொட்சுகாவாவில் பாலத்துக்கும் முந்திய ஒரு வாகனம் உண்டு. பெயர் ‘யாஎன்’, அதாவது காட்டுக்குரங்கு. ஆற்றின் குறுக்கே கட்டிய வடத்தில் தொங்கும் ஒரு மரக்கூண்டு. ஆள் உள்ளே உட்கார்ந்து கயிற்றைத் தன் கையாலேயே இழுத்து இழுத்து அக்கரை சேர வேண்டும். கிளைபிடித்துத் தாவும் குரங்கைப் போல என்பதால் அந்தப் பெயர். வெந்நீர் ஊற்று விடுதிகள் இருக்கும் பகுதியில் பயணிகளுக்காக இன்றும் ஒன்றை வைத்திருக்கிறார்கள். நடுவழி வரை தானாகச் சரிந்து ஓடும். அதற்குப் பிறகுதான் தோள்பட்டைக்கு வேலை. துணிக்கொடியின் தொய்வு இங்கும் தன் கணக்கை விடுவதில்லை.

பசித்தால் ‘மெஹாரி சுஷி’. ஊறவைத்த கடுகு இனக் கீரை இலையில் சோற்றுருண்டையைச் சுற்றிக் கொடுப்பார்கள். மலைவேலைக்குப் போனவர்கள் கட்டிக்கொண்டுபோன சோறு இது. அந்தப் பெருவுருண்டையைக் கடிக்க வாயைத் திறக்கும்போது கண்ணும் அகல விரியும் என்பதால் ‘கண் விரியும் சுஷி’ என்று பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். மீன் கிடையாது.

ஆகஸ்ட் 4 அன்று வந்தால் வேறொரு காட்சி. ஜப்பானிய மொழியில் எட்டை ‘ஹ’ என்றும் நாலை ‘ஷி’ என்றும் சொல்லலாம். இரண்டையும் சேர்த்தால் ‘ஹஷி’, அதாவது பாலம். இந்தச் சிலேடையைப் பிடித்துக்கொண்டு எட்டாம் மாதம் நாலாம் தேதியைத் தொங்குபால நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று பாலத்தின் மேலேயே முரசுகளை வரிசையாக வைத்து முழக்குவார்கள். ‘ஆடும் முரசு’ என்று பெயர். பலகை ஆட, முரசு ஆட, அடிப்பவரும் ஆட, தாளம் மட்டும் தப்பாமல் வாசிக்க வேண்டும்.

இத்தனைக்கும் பஸ்ஸைவிட்டால் இங்கே வர ரயில் கிடையாது. கோஜோவிலிருந்து ஷிங்கூ வரை மலையைக் குடைந்து இருப்புப்பாதை போட 1930களிலேயே வேலை தொடங்கியது. சுரங்கங்கள் தோண்டினார்கள், வளைவுகளைக் கட்டினார்கள். ரயில் மட்டும் வரவே இல்லை. அந்த வளைவுகள் கோஜோ பக்கத்தில் இன்னும் அந்தரத்தில் நிற்கின்றன. வராத அந்த ரயிலுக்காகக் காத்திருந்த ஒரு மலைக்குடும்பத்தை வைத்து நவோமி கவாசே எடுத்த ‘சுசாகு’ படம் 1997இல் கான் விழாவில் அறிமுக இயக்குநருக்கான விருதைப் பெற்றது. 2011 செப்டம்பர் புயல்மழையில் இந்த மலைகள் மறுபடி சரிந்தபோது நெடுஞ்சாலையும் துண்டிக்கப்பட்டது. பிறகு சாலையைச் செப்பனிட்டார்கள். பஸ் மீண்டும் ஓடுகிறது.

ஒரே நாளில் போய்த் திரும்ப நினைப்பவர்கள் யாகியிலிருந்து முதல் பஸ்ஸில் ஏற வேண்டும். நாளுக்கு மூன்றே நடை. உவெனோஜி வர மூன்று மணி நேரம் அளவுக்கு ஆகும். அங்கே பையோடு இறங்கி, பஸ்ஸைப் போகவிட்டுவிட வேண்டும். எதிர்த் திசையில் திரும்பிப் போகும் கடைசி பஸ்ஸின் நேரத்தை நிறுத்தத்திலேயே பார்த்துக் குறித்துக்கொண்டு, அதற்குள் அக்கரை போய் வரலாம். மழை நாளில் பலகை வழுக்கும். பலத்த காற்றடித்தால் பாலத்தையே மூடிவிடுவார்கள். குதிகால் செருப்பு ஆகாது. குடை வேண்டாம், மழைக்கோட்டு போதும். பாலத்தில் ஏறக் கட்டணம் இல்லை.